உரும்பிராய்க்கு எத்தனை பைட்?

உரும்பிராய். எழுத்துக்கூட்டினால் ஆறு எழுத்து: உ, ரு, ம், பி, ரா, ய். முதலாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் இந்த ஆறு எழுத்தையும் ஒரு போனின் நினைவகத்தில் வைக்க எவ்வளவு இடம் வேணும் எண்டு கேட்டால், ஆளுக்கு ஆள் வேறு வேறு பதில் சொல்லுவினம். பாமினி எழுத்துருவில் எழுதினால் 10 பைட். திஸ்கியில் 8. யுனிகோடை யுடிஎஃப்-16 ஆக வைத்தால் 22, யுடிஎஃப்-8 ஆக வைத்தால் 33. இன்றைக்கு ஒரு கேமுக்குள் அதே சொல்லைத் திரையில் வரைவதற்கு, கிராஃபிக்ஸ் சிப்புக்குக் கொடுக்கும் முக்கோணக் கணக்கு மட்டும் 608 பைட். அந்தக் கணக்கைப் பிறகு விரித்துக் காட்டுகிறோம்.

மொபைல் கிராஃபிக்ஸின் வரலாறு என்று இணையத்தில் தேடினால் கார் ரேஸும் துப்பாக்கிச் சண்டையுமாகத்தான் வரும். எத்தனை முக்கோணம், எத்தனை பிரேம், நிழல் எப்படி விழுகிறது என்ற கதை. அதெல்லாம் சரி. ஆனால் தமிழில் வாசிக்கிற எங்களுக்கு, போன் திரையின் முதல் பெரிய வரைகலைப் பிரச்சினை கார் இல்லை, ஒரு ‘கொ’. ஒரு கொம்பு, ஒரு க, ஒரு அரவு. நினைவில் இருப்பது ஓர் எழுத்து, வரைய வேண்டியது மூன்று துண்டு, அதிலும் ஒரு துண்டு முன்னுக்கு வர வேணும். இருபது வருடமாக இந்தச் சின்னச் சிக்கலைச் சுற்றித்தான் எங்கள் மொபைல் கிராஃபிக்ஸ் வரலாறு ஓடியிருக்கிறது.

இடம் காணாது என்ற பிரச்சினை போனோடு வந்ததில்லை. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் 1841 இல் உதயதாரகையைத் தொடங்கியபோதும் இதே பிரச்சினைதான். அச்சுக்கோப்பவரின் முன்னால் இருக்கிற எழுத்துப் பெட்டிதான் அவருடைய நினைவகம். ஆங்கிலத்துக்குச் சில டசின் அறை போதும். தமிழுக்கு 247 எழுத்து. கிட்டக் கை எட்டுகிற அறையில் எதை வைப்பது, தூரத்து அறையில் எதை வைப்பது, எதைத் துண்டுகளாக வைத்துச் சேர்ப்பது என்பதெல்லாம் அன்றைக்கே முடிவெடுக்க வேண்டிய விஷயங்கள். கணினிக்காரர் இப்போது ‘காஷ்’ என்று சொல்வதை அவர்கள் ‘கைக்கெட்டின அறை’ என்று சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான். 1978 இல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டு, தும்பிக்கை போட்ட லை, னை போன்ற பழைய வடிவங்களை விட்டபோது அச்சுப் பெட்டியில் பல அறைகள் காலியாயின. நினைவகச் சிக்கனம் என்றே அதை வாசிக்கலாம்.

சரி, இப்ப போனுக்கு வருவம்.

1997 இறுதியில் நொக்கியா 6110 வந்தது. அதில்தான் ‘ஸ்னேக்’ என்ற பாம்பு விளையாட்டு முதலில் இருந்தது. எழுதியவர் பின்லாந்தைச் சேர்ந்த டனேலி அர்மாண்டோ. திரை அகலம் 84 புள்ளி, உயரம் 48 புள்ளி, ஒவ்வொரு புள்ளியும் ஒன்றில் கறுப்பு இல்லாவிட்டால் வெறுமை. பெருக்கிப் பாருங்கோ: 4032 புள்ளி, 8 ஆல் பிரித்தால் 504 பைட். முழுத் திரையும் அவ்வளவுதான்.

தரவுக் கட்டமைப்பைப் படிக்க வருகிற தம்பி தங்கைகளுக்கு இந்தப் பாம்பை விட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியவில்லை. பாம்பு நகர்கிறது என்று கண் நினைக்கிறது. உண்மையில் தலைப் பக்கம் ஒரு கட்டம் கூடுகிறது, வால் பக்கம் ஒரு கட்டம் அழிகிறது. நடுவில் இருக்கிற உடம்பை ஒருவரும் தொடத் தேவையில்லை. இது வரிசை, அதாவது ‘கியூ’. அதை ஒரு வட்டமான அடுக்காக வைத்துக்கொண்டால் புதிதாக நினைவகம் கேட்கவே வேண்டாம்: தலை எங்கே, வால் எங்கே என்ற இரண்டு இலக்கம் மட்டும் சுற்றிச் சுற்றி ஓடும். இன்னும் இறுக்கலாம். ஒவ்வொரு கட்டத்தின் இடத்தையும் எழுதாமல், அடுத்த கட்டம் எந்தத் திசையில் என்று மட்டும் எழுதினால் போதும். நாலு திசைக்கு இரண்டு பிட். ஒரு பைட்டுக்குள் பாம்பின் நாலு துண்டு அடங்கிவிடும். குடாநாட்டில் ஒரு தலைமுறை சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டது, ஜாம் போத்தல் விளக்கில் படித்தது. இல்லாததை வைத்துக்கொண்டு ஓட்டுகிற அந்தப் புத்தியை நிரலாக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் இந்தக் காலத்துப் போன்களைப் பார்க்க வேணும்.

யாழ்ப்பாணத்துக்கு மொபைல் சேவை 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகுதான் வந்தது. அந்த ஆண்டுகளில்தான் உலகத்தில் ஜாவா போன்கள் பரவின. நொக்கியா சீரிஸ் 40 இன் முதல் தலைமுறைப் போனில் ஒரு ஜாவா செயலியின் பொதி 64 கிலோபைட்டைத் தாண்ட முடியாது. ஓடும்போது அதற்குக் கிடைக்கிற ஹீப் ஏறத்தாழ 200 கிலோபைட். திரை 128க்கு 128 புள்ளி. புள்ளிக்கு 2 பைட் நிறம் என்றால் ஒரு முழுத் திரைப் படம் 32 கிலோபைட். திரை மினுங்காமல் இருக்க, மறைவில் ஒரு படத்தை வரைந்து முடித்துவிட்டுக் காட்டுவார்கள். அதற்கே ஹீப்பில் ஆறில் ஒரு பங்கு போய்விடும்.

இந்தப் போனில் தமிழ் எழுத்துரு கிடையாது. வேணுமெண்டால் செயலியே கொண்டுவர வேணும், செயலியே வரைய வேணும். எழுத்து என்பது அங்கே எழுத்தில்லை, படம். கேமில் வருகிற காரும் ‘க’வும் நிரலுக்கு ஒன்றுதான்.

கணக்குப் போடுவோம். ஓர் எழுத்துக்கு 16க்கு 16 புள்ளி, புள்ளிக்கு 2 பைட் என்றால் 512 பைட். 247 எழுத்தையும் தனித்தனிப் படமாக வைத்தால் 1,26,464 பைட், கிட்டத்தட்ட 123 கிலோபைட். 200 கிலோபைட் ஹீப்பில் பாதிக்கு மேல் அரிச்சுவடிக்கே போய்விட்டது. இனி எங்கே செயலி ஓடுகிறது?

அதனால் எழுத்தை உடைக்க வேணும். எத்தனை வடிவம் உண்மையில் தேவை? நாங்கள் இருந்து எண்ணிப் பார்த்தோம். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்த மெய் 18. உகர ஊகார வடிவங்கள் ஒவ்வொரு மெய்க்கும் ஒவ்வொரு மாதிரி வளையும், ‘கு’வைப் போல ‘து’ இல்லை, ‘மு’ இரண்டையும் போல இல்லை. ஆகவே அவை 36 உம் தனித்தனியாக வேணும். பிறகு அரவு, விசிறி இரண்டு, கொம்பு இரண்டு, ஐகாரக் குறி, ஔகாரத்தின் பின்துண்டு என்று 7. விசிறி ஒட்டாத ‘டி’, ‘டீ’ 2. மொத்தம் 94. 247 எழுத்து 94 வடிவத்துக்குள் அடங்கிவிட்டது. 47 கிலோபைட். மற்றதெல்லாம் சேர்த்து வரைவதுதான்.

அந்த 94 ஐயும் 94 படக் கோப்பாக வைக்கக் கூடாது. ஒவ்வொரு படப் பொருளுக்கும் தலைச்சுமை ஒன்று உண்டு. சின்னப் படத்தில் அந்தச் சுமை படத்தை விடப் பெரிதாகிவிடும். எல்லாவற்றையும் ஒரே நீளப் படத்தில் வரிசையாக அடுக்கி, எந்த எழுத்து எத்தனையாவது புள்ளியில் தொடங்குகிறது என்ற சின்ன இலக்க அடுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு, வேண்டிய துண்டை மட்டும் வெட்டி வரைவார்கள். இதற்கு இன்றைக்குப் பெயர் அட்லஸ். பெரிய கேம் எந்திரங்கள் எல்லாம் இப்பவும் செய்வது இதைத்தான். இன்னொரு பொறியும் இருந்தது. படக் கோப்பு பொதிக்குள் இருக்கும்போது சுருங்கிச் சின்னதாக இருக்கும். திறந்து திரைக்கு ஆயத்தமாக்கினால், கறுப்பு வெள்ளைப் படமென்றாலும் திரையின் முழு நிற அளவுக்கு விரியும். எண்ணெய்க்குள் போட்ட அப்பளம் மாதிரி. பொதியின் அளவைப் பார்த்து நிம்மதியாக இருந்தவர்கள் ஓட்டிப் பார்க்கும்போதுதான் ஹீப் நிறைந்ததைக் கண்டார்கள்.

இப்படிப்பட்ட காலத்தில்தான், 2005 தைப்பொங்கலுக்கு, சிங்கப்பூரில் செல்லினம் வெளிவந்தது. போனில் தமிழில் குறுஞ்செய்தி எழுதி அனுப்புகிற செயலி. செய்தவர் மலேசியாவின் முத்து நெடுமாறன், கணினியில் முரசு அஞ்சலைத் தந்த அதே ஆள். தமிழ் மொபைல் வரலாறு எழுதுகிறவர்கள் இதை மொழிச் சாதனையாக எழுதுகிறார்கள். எங்களுக்கு அது கிராஃபிக்ஸ் சாதனையும்தான். ஒரு ஜாவா போனில் தமிழ் வாக்கியம் ஒன்று வரிசை பிசகாமல் தெரிவதென்றால், மேலே சொன்ன கணக்கு எல்லாவற்றோடும் மல்லுக்கட்டித்தான் அது தெரிய முடியும்.

இங்கே குறியீட்டுச் சண்டையைச் சொல்லாமல் போக முடியாது. சேமிப்பது வேறு, வரைவது வேறு. நினைவகத்தில் எழுத்தை எந்த எண்ணாக வைத்திருக்கிறோம் என்பது ஒன்று. திரையில் எந்த வடிவங்களை எந்த வரிசையில் வைக்கிறோம் என்பது இன்னொன்று. எங்கள் பார்வையில் தமிழ்க் கணிமையின் நீண்ட தலையிடிகளில் அரைவாசி, இடம் மிச்சம்பிடிக்க இந்த இரண்டையும் ஒன்றாக்கியதால் வந்தது.

பாமினி அதன் உச்சம். ஈழத்துப் பத்திரிகைகளும் கலியாணக் கார்ட்டுகளும் புலம்பெயர்ந்தவர்களின் சஞ்சிகைகளும் வருடக்கணக்காக அதில்தான் வந்தன. உள்ளே தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறார்கள். பாமினியில் உரும்பிராய் என்று அடித்தால், கணினிக்குள் இருப்பது எட்டு ஆங்கில எழுத்தும் இரண்டு அரைப்புள்ளியும். அந்த அரைப்புள்ளிதான் மெய்யின் புள்ளி. கொம்பு முதலில், எழுத்து பிறகு என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே அடிக்க வேணும். வரைய மிகச் சுலபம்: ஓர் எண்ணுக்கு ஒரு வடிவம், இடமிருந்து வலம், கேள்வி இல்லை. திஸ்கியும் அடிப்படையில் அதே வழிதான், ஆனால் ஒழுங்காக, பலர் கூடி 1990களில் பேசித் தீர்மானித்தது. ஆங்கிலத்துக்கு 128 இடத்தை விட்டுவிட்டு மேலே இருக்கிற 128 இடத்துக்குள் தமிழ் வடிவங்களை வைத்தார்கள். 94 என்று நாங்கள் எண்ணினது ஏன் முக்கியமென்று இப்ப விளங்கும். வடமொழி எழுத்துகளையும் சேர்த்தாலும் 128க்குள் அது அடங்குகிறது.

யுனிகோட் வேறு வழியால் வந்தது. 1988 இன் இந்திய இஸ்கி குறியீட்டை அடிப்படையாக வைத்து 1991 இல் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. தேவநாகரிக்குப் போட்ட பாயிலேயே தமிழையும் படுக்க வைத்ததால் இடையில் நிறைய இடம் வெறுமையாக இருக்கிறது. அங்கே ‘க’தான் அடிப்படை, ‘க்’ என்பது ‘க’வும் புள்ளியும், இரண்டு எண். இலக்கணம் படித்த எவருக்கும் இது தலைகீழ். க் உடன் அ சேர்ந்தால்தானே க? தொல்காப்பியர் வழியில் சின்னதாக இருக்க வேண்டியது யுனிகோடில் பெரிதாகி நிற்கிறது. இந்தக் குறையைச் சொல்லித்தான் ‘டேஸ்16’ என்ற முறை வந்தது. 2010 இல் தமிழ்நாடு அரசு யுனிகோடோடு அதையும் ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே எண். மெய் ஒரு பக்கம், உயிர் மறுபக்கம் வைத்த வாய்பாட்டு அட்டவணை மாதிரி. இரண்டையும் தெரிந்தால் எழுத்தின் எண்ணைக் கூட்டியே எடுத்துவிடலாம். அதில் உரும்பிராய் 12 பைட். தரவுக் கட்டமைப்பு என்று பார்த்தால் வெகு அழகானது. ஆனால் அது தனியார் பயன்பாட்டுக்கு ஒதுக்கின இடத்தில் இருந்தது, போன் செய்கிறவர்கள் ஒருவரும் எடுக்கவில்லை. அழகு மட்டும் காணாது, ஆளும் சேர வேணும். 33 பைட் பெரிதுதான். ஆனால் அந்த 33 பைட் ரொறன்ரோவிலும் உரும்பிராயிலும் ஒன்றாக வாசிக்கப்படும் என்பதற்காக அந்தச் செலவைக் கொடுக்கலாம் என்பது எங்கள் கருத்து.

2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. பிறகு நடந்ததை இந்தப் பக்கத்தில் வாசிக்கிற உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. போர் முடிந்து, பாதை திறந்து, 2010 வாக்கில் கையில் இருந்த சாதாரணப் போனில் தமிழ் இணையத்தளம் வாசித்தவர்களுக்கு ஒரு மந்திரம் தெரிந்திருக்கும். ஓபரா மினியின் முகவரிப் பெட்டியில் ஓபரா, முக்காற்புள்ளி, கொன்ஃபிக் என்று அடித்தால் ஒரு மறைவான அமைப்புப் பக்கம் வரும். அதன் அடியில், சிக்கலான எழுத்து முறைகளுக்குப் படஎழுத்தைப் பயன்படுத்தவா என்ற கேள்விக்கு ‘ஓம்’ கொடுத்தால், கட்டம் கட்டமாக வந்த பக்கம் தமிழாகிவிடும். இதை ஒருவர் மற்றவருக்குச் சொல்லிச் சொல்லித்தான் பரப்பினார்கள்.

நடந்தது என்ன? எங்கள் போனுக்கு எழுத்துருவை வைத்திருக்க இடமில்லை, கொம்பை முன்னுக்குக் கொண்டுவரத் தெரியாது. அதனால் ஓபராவின் சேர்வரே பக்கத்தைத் திறந்து, எழுத்துகளைச் சரியாக அடுக்கி, படமாக்கி அனுப்பியது. நினைவகப் பிரச்சினையை எங்கோ ஒரு நாட்டில் இருக்கிற கணினிக்கு மாற்றிவிட்டோம். பதிலுக்கு டேட்டா கூடியது, எழுத்தைத் தேடவோ பிரதி எடுக்கவோ முடியாது. 2005 இல் தொடங்கிய நூலகம் தளம் ஈழத்து நூல்களை ஸ்கேன் செய்து படமாகவே சேர்த்துவந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தப் பத்தாண்டில் எங்கள் எழுத்தின் பெரும் பகுதி படமாகத்தான் பயணம் செய்திருக்கிறது.

அண்ட்ரொய்ட் வந்ததும் எல்லாம் தீர்ந்திருக்க வேணும். 2008 இல் வந்த முதல் அண்ட்ரொய்ட் போனில் 192 மெகாபைட் நினைவகம். ஆனால் ஒரு செயலிக்கு 16 மெகாபைட்தான். 320க்கு 480 திரையை நிரப்பும் ஒரு படம், புள்ளிக்கு 4 பைட் என்றால், 600 கிலோபைட். 27 படம் வைத்தால் வீடு நிறைந்துவிடும். அதே படத்தை கிராஃபிக்ஸ் சிப்புக்குக் கொடுத்தால் இன்னும் மோசம். அந்தக் காலச் சிப்புகளில் பலதுக்கு 2, 4, 8 என்று இரட்டித்துப் போகிற அளவுகள்தான் பிடிக்கும். 320க்கு 480 படம் 512க்கு 512 ஆக, ஒரு முழு மெகாபைட்டாக உட்காரும்.

அதை விடப் பெரிய கரைச்சல் குப்பை. ஜாவாவில் பொருளை உருவாக்கிவிட்டு மறந்துவிடலாம். பிறகு ஒருவர் வந்து கூட்டி அள்ளுவார். அவர் அள்ளும்போது மற்ற எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேணும். ஒரு பிரேமுக்கு உள்ள நேரம் 16 மில்லிசெகண்ட் சொச்சம். ஆரம்ப அண்ட்ரொய்டில் ஒரு குப்பை அள்ளல் நூறு மில்லிசெகண்டைத் தாண்டுவதும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கிற ஆள் அந்தரத்தில் நின்று பிறகு குதிப்பான். 2010 இறுதியில் வந்த 2.3 பதிப்பில்தான், வேலை நடக்கும்போதே அள்ளுகிற ஏற்பாடு வந்தது. அதுவரை கேம் எழுதியவர்கள் கலியாண வீட்டுக் கதிரை முறையைக் கையாண்டார்கள். ஒவ்வொரு கலியாணத்துக்கும் கதிரை வாங்கி எறிகிறோமா? வாடகைக்கு எடுத்துப் பாவித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறோம். தொடக்கத்திலேயே நூறு குண்டு, நூறு எதிரி என்று உருவாக்கி வைத்து, சாகிற எதிரியை எறியாமல் ஓரமாக நிறுத்தி, அடுத்த எதிரிக்கு அதையே எழுப்புவார்கள். இதற்கு ‘பூல்’ என்று பெயர்.

தமிழ்? முதல் பதிப்புகளில் எழுத்துருவே இல்லை, கட்டம்தான். எழுத்துருவைக் கொண்டுபோய் வைத்தவர்களுக்கும் கொம்பு பின்னால் தொங்கியது, ஏனென்றால் அடுக்கத் தெரிந்த மென்பொருள் உள்ளே இல்லை. 2011 இறுதியில் தொடங்கிய 4 ஆம் பதிப்பு வரிசையில்தான் நிலைமை சீரானது. அந்த அடுக்கும் வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நூலகம். பெயர் பாரசீகம், திறந்த எழுத்து என்ற பொருளில். யுனிகோட் எண்களை வாங்கி, எழுத்துருவின் அட்டவணைகளைப் பார்த்து, எந்த வடிவம் எந்த இடத்தில் என்ற பட்டியலைத் திருப்பிக் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. சேமிப்பு வேறு, வரைதல் வேறு என்று கடைசியில் போன் ஒத்துக்கொண்டது. ஆப்பிள் பக்கம் 2013 இல் ஐஓஎஸ் 7 இல் தமிழ்99, அஞ்சல் என்று இரண்டு விசைப்பலகையும் வந்துசேர்ந்தன.

இனி அந்த 608. கிராஃபிக்ஸ் சிப்புக்கு எழுத்து தெரியாது, முக்கோணம்தான் தெரியும். உரும்பிராயை உ, ரு, ம், ப, விசிறி, ர, அரவு, ய் என்று எட்டு வடிவமாக வரைகிறோம் என்று வையுங்கோ. ஒவ்வொரு வடிவமும் அட்லஸில் இருந்து வெட்டி ஒட்டுகிற ஒரு செவ்வகம்: நாலு மூலை, இரண்டு முக்கோணம். மொத்தம் 32 மூலை. ஒவ்வொரு மூலைக்கும் திரையில் எங்கே, அட்லஸில் எங்கே என்று நாலு தசம எண், 16 பைட். 512 ஆயிற்று. எந்த மூலைகளை எந்த வரிசையில் இணைப்பது என்ற 48 சுட்டெண், ஒவ்வொன்றும் 2 பைட், 96. கூட்டினால் 608. நொக்கியா 6110 இன் முழுத்திரையை விடப் பெரிது, எங்கள் ஊர்ப்பெயர் ஒன்று மட்டும். கவனமான ஆள் தசம எண்ணுக்குப் பதிலாக 2 பைட் முழு எண்ணைப் பாவித்து இதை 352 ஆக இறக்கிவிடுவார்.

ஏன் இறக்க வேணும், இப்பத்தான் போனில் கிகாபைட் கணக்காக நினைவகம் இருக்கிறதே என்று கேட்கலாம். மொபைலில் கிராஃபிக்ஸ் சிப்புக்கென்று தனி நினைவகம் இல்லை. எல்லாரும் ஒரே கிணற்றில்தான் அள்ளுகிறார்கள். அள்ளுகிற ஒவ்வொரு வாளிக்கும் பற்றரி செலவாகும். அதனால்தான் மொபைல் சிப்புகள் திரையைத் துண்டு துண்டாக வரைகின்றன. 1998 இல் ஜப்பானில் வந்த ட்ரீம்காஸ்ட் கேம் பெட்டியில் இருந்த பவர்விஆர் வகைச் சிப்புகள் இந்த முறையைப் பரப்பின. 2007 இன் முதல் ஐபோனில் இருந்ததும் அந்தக் குடும்பம்தான். உரும்பிராய்ச் செம்மண்ணில் தண்ணி மாறினவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. முழுத் தோட்டத்துக்கும் ஒரேயடியாகத் தண்ணியைத் திறந்துவிடுகிறோமா? ஒரு பாத்தியைத் திறந்து, நிரம்பினதும் வரம்பைக் கட்டி, அடுத்த பாத்தியைத் திறப்போம். சிப்பும் 16க்கு 16, 32க்கு 32 புள்ளி என்று ஒரு பாத்தியை எடுத்து, தனக்குள் இருக்கிற சின்ன நினைவகத்திலேயே முழுதும் வரைந்து முடித்து, முடிந்ததை மட்டும் வெளியே எழுதும். பாதியில் நிரல் குறுக்கிட்டு, வரைந்ததைத் திருப்பி வாசிக்கக் கேட்டால் வரம்பு உடைந்த மாதிரித்தான்.

படங்களையும் சுருக்கியே வைப்பார்கள். எரிக்சன் நிறுவனத்தில் உருவான ஈடிசி முறையில் புள்ளிக்கு 4 பிட் போதும். 1024க்கு 1024 படம் 4 மெகாபைட்டில் இருந்து அரை மெகாபைட் ஆகும். ஆனால் அதன் முதல் பதிப்பில் ஊடுதெரியும் தன்மை இல்லை. பின்னணி தெரிய வேண்டிய எழுத்துக்கு அது உதவாது. எழுத்துக்கு வேறு வழி வந்தது. 2007 இல் வால்வ் நிறுவனத்தின் கிறிஸ் கிரீன் காட்டிய முறை: அட்லஸில் எழுத்தின் படத்தை வைக்காமல், ஒவ்வொரு புள்ளியும் எழுத்தின் விளிம்பில் இருந்து எவ்வளவு தூரம் என்பதை வையுங்கள். சின்ன அட்லஸை எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு மழுங்காது. ‘ழ’வின் வளைவுக்கு இதைவிட மரியாதை செய்த முறை மொபைலில் வேறில்லை.

இப்போது இங்கே கேம் செய்ய முயல்கிற பொடியள், பிள்ளைகள் பெரும்பாலும் எடுப்பது யூனிட்டி. அதன் எழுத்துக் கருவியான டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ இந்தத் தூர முறையில்தான் அட்லஸ் செய்கிறது. ஆனால் அது நெடுங்காலம் தமிழை அடுக்கவில்லை. எண் வந்த வரிசையிலேயே வடிவத்தை வைக்கும். ‘கெ’ என்று எழுதினால் க முன்னுக்கு, கொம்பு பின்னுக்கு. 2011க்கு முந்தின அண்ட்ரொய்ட் திரும்பி வந்த மாதிரி.

இதற்குப் பலர் எடுக்கிற வைத்தியம்தான் எங்களைச் சிரிக்கவும் யோசிக்கவும் வைக்கிறது. யுனிகோட் வாக்கியத்தைப் பாமினிக்கு மாற்றி, பாமினி எழுத்துருவைப் போட்டுவிடுகிறார்கள். கொம்பு முன்னுக்கு வந்துவிடும், வேலை முடிந்தது. நாங்கள் பத்து வருடம் கஷ்டப்பட்டு வெளியே அனுப்பின ஆள் கேம் எந்திரத்தின் பின்வாசலால் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார். திரையில் மட்டும் வரைந்தால் பரவாயில்லை. அந்த அரைப்புள்ளி எழுத்தையே கோப்பில் சேமித்து, விளையாடுகிறவரின் பெயராகச் சேர்வருக்கும் அனுப்பினால், புள்ளிப் பட்டியலில் ஆங்கிலக் குப்பை வரும். கண் தெரியாதவருக்குப் போன் வாசித்துக் காட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் கேட்கும். மாற்றத்தை வரையும் கணத்தில் செய்யுங்கள், சேமிப்பில் யுனிகோடைத் தொடாதீர்கள். அப்படிச் செய்தால் பாமினியும் ஒரு நல்ல அட்லஸ்தான்.

2023 இல் வந்த கொடொட் 4 ஹார்ஃப்பஸ்ஸைத் தன்னோடேயே வைத்திருக்கிறது, தமிழ் நேராக வருகிறது. யூனிட்டியும் 6 ஆம் பதிப்பில் அந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. ஆனாலும் 2022 நெருக்கடிக்குப் பிறகு போன் விலை ஏறிய ஏற்றத்தில் பழைய போனை மாற்றாமல் வைத்திருக்கிற வீடுகள் இங்கே நிறைய. அம்மாவின் போனில்தான் பிள்ளை அரிச்சுவடி விளையாடும். பெரிய எந்திரம், முழு எழுத்துரு என்று ஏற்றினால் அந்தப் போன் திறக்க முன்னமே செயலியை மூடிவிடும். எழுத்துப் படிக்கிற வயதுப் பிள்ளைக்குக் கொம்பு பிழைத்த ‘கெ’யைக் காட்டுவதும் ஆகாது.

தமிழில் அடுக்கும் விதி கனக்க இல்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். தேவநாகரி மாதிரிக் கூட்டெழுத்துக் காடு கிடையாது. கொம்பு இரண்டையும் ஐகாரக் குறியையும் முன்னுக்குக் கொண்டுவர வேணும். ஒ, ஓ, ஔ வரிசையை இரண்டாகப் பிரித்து எழுத்தின் இரு பக்கமும் வைக்க வேணும். உகர ஊகாரத்துக்கு 36 அறை அட்டவணை ஒன்று. க்ஷ, ஸ்ரீ இரண்டுக்கும் விலக்கு. இருநூறு வரி நிரலுக்குள் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையே எழுதிவிடலாம்.

அட்லஸ் கணக்கும் போட்டு வைத்திருக்கிறோம். நாங்கள் எண்ணின 94 வடிவம். ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, அவற்றின் புள்ளி வடிவங்கள், ஸ்ரீ, கிரந்த எழுத்தோடு ஒட்டும் உகர ஊகாரக் குறிகள் என்று இன்னும் 13. மொத்தம் 107. இலக்கம் பத்தையும் சேர்த்தால் 117. ஓர் அறை 64க்கு 64 புள்ளி என்று வைத்தால், 1024க்கு 512 அட்லஸில் 128 அறை இருக்கிறது. புள்ளிக்கு ஒரு பைட், ஆக மொத்தம் அரை மெகாபைட். மிச்சம் 11 அறை. கேள்விக்குறி, முற்றுப்புள்ளி, காற்புள்ளி, அடைப்புக்குறி எல்லாம் வைக்க அது காணும்.